ஞாயிறு சோழவரம், திங்கள் பெரியமேடு

ஹெரால்டு என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் ஏதோ செய்தித்தாள் என்று நினைப்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாம் வளர்ந்த காலத்தில் கார் என்றால் மூன்றே மூன்றுதான்: அம்பாசடர், பியட், ஹெரால்டு. அம்பாசடர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவிலிருந்து வந்தது. பியட் பம்பாய் குர்லாவிலிருந்து வந்தது. ஹெரால்டு மட்டும் நம்ம ஊர்ச் சரக்கு. மெட்ராஸுக்கு வெளியே, வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்தது. 1948-ல் தொடங்கிய கம்பெனி அது. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961-ல் ஹெரால்டு.

ஆலங்காயத்தில் அப்போது சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் போனால் ஹெரால்டு கண்ணில் படும். தோல் வியாபாரிகளுக்கு மெட்ராஸ் பெரியமேட்டில் வேலை இருந்துகொண்டே இருக்கும். அம்பாசடர் பெரிய குடும்பத்துக்கு. ஹெரால்டு இளவட்டங்களுக்கு என்று ஒரு பேச்சு உண்டு. நான் கணக்கு எழுதிய வாணியம்பாடி டேனரியில் முதலாளி அம்பாசடரில் வருவார். அவருடைய இரண்டாவது மகன் ஹெரால்டில் வருவார். நான்கு கதவு வைத்த வெள்ளை மார்க் த்ரீ. சீமையில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டுக்கென்றே செய்தது.

அந்த வண்டியின் பிறப்பு ஒரு சுவையான கதை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அடித்துக் கொடுக்க ஆளில்லை. அதனால் அடியில் தனியாக ஒரு சேஸிஸ் வைத்து, மேலே பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள். வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிகெலோட்டி. விற்பனைக்கு வருமுன் மாதிரி வண்டிகளை ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியில் கேப் டவுனிலிருந்து வடக்கே டாஞ்சியர் வரைக்கும் ஓட்டிச் சோதித்தார்கள். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுக விழா நடந்தது. துண்டு துண்டாகப் பூட்டும் அந்த ஏற்பாடுதான் மெட்ராஸில் கொண்டுவந்து பூட்டுவதற்கும் தோதாகிவிட்டது.

இன்ஜின் சின்னது, 948 சி.சி. பியட் 1089, அம்பாசடர் 1489. ஆனால் வண்டி இலேசு. திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும். லண்டன் டாக்சியைவிடக் குறுகலாகத் திரும்பும் என்று விளம்பரம் செய்தார்கள். வாணியம்பாடி கடைத்தெருவில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே அதைத் திருப்புவதைப் பார்த்தவர்கள் அந்த விளம்பரத்தை நம்புவார்கள்.

எங்கள் பக்கத்து மேஸ்திரி ஒருவர் அந்த வண்டிக்கு வைத்தியர். வான்கார்டு காலத்திலேயே மெட்ராஸில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். ஹெரால்டின் பானட் முன்பக்கமாக மொத்தமாகத் திறக்கும். இரண்டு மட்கார்டும் சேர்ந்தே எழுந்துவிடும். இன்ஜின், முன் சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் கண்முன்னே. மேஸ்திரி முன் டயர்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்த மாதிரி வேலை பார்ப்பார். சுற்றி நிற்கிற நாலு பேருக்கும் பாடம் நடக்கும். “இங்க பாரு தம்பி, இது காற்று வாங்கும், இது பெட்ரோல் வாங்கும், ரெண்டும் சேர்ந்தாத்தான் சோறு.” மோட்டார் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரிந்ததே அந்தத் திறந்த பானட்டைப் பார்த்துத்தான்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் பின் சக்கரத்தைப் பற்றியது. ஹெரால்டில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். குறுக்கே ஒரே ஒரு கமான். கரடுமுரடான பாதையில் அது சுகம். ஆனால் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும்; சக்கரம் உள்ளே மடங்கும்; வால் சுற்றிக்கொள்ளும். “பிரேக் போடறதெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிச்சிக்கணும் சின்ன முதலாளி. உள்ளே போயிட்டா கால் ஆடக்கூடாது.” இந்தப் பாடத்தைச் சோதிக்க இரண்டு மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒன்று, கொண்டை ஊசி வளைவுகள் 14 கொண்ட ஏலகிரி. இன்னொன்று, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறுகிற பாதை. அந்தக் காவலூர் பாதையில்தான் 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கியை வானாய்வகத்தில் நிறுவினார்கள். வானத்தைப் பார்க்கப் போகிறவர்களின் ஜீப்புக்கு வழிவிட்டுத்தான் நாங்கள் வளைவு பழகினோம்.

இந்தப் பழக்கமெல்லாம் சோழவரத்துக்காக. மெட்ராஸிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம் தாண்டினால், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. அந்தப் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கான ஜனம். நாங்கள் விடியுமுன் புறப்பட்டு ஆம்பூர், பள்ளிகொண்டா, வாலாஜா, பூந்தமல்லி என்று போய்ச் சேருவோம். வெயிலில் சிமென்ட் தரை தகிக்கும். பெட்ரோல் வாசனையும் ரப்பர் கருகிய வாசனையும் கலந்து வரும். ராஜகுடும்பத்தார், மில் முதலாளிகள் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த வெளிநாட்டு ஒற்றை இருக்கை வண்டிகளும் ஓடும். கோயம்புத்தூர் கரிவரதன் தன் கையாலேயே பந்தயக் கார் வடிவமைத்து ஓட்டியவர். எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்போம்.

ஆனால் ஜனம் உண்மையில் கத்தியது பியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும் ஓடியபோதுதான். காரணம் எளிது. அவை நம் தெருவில் நிற்கிற வண்டிகள். நேற்று கல்யாணத்துக்குப் போன வண்டி இன்று பந்தயத்தில் ஓடுகிறது. பின் சீட்டைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, சக்கரத்து மூடிகளைக் கழற்றி, கதவில் நம்பர் எழுதினால் பந்தயக் கார் தயார். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினால் வீட்டுக் கார். ஞாயிறு சோழவரம், திங்கள் பெரியமேடு. கதவில் எழுதிய நம்பர் சரியாக அழியாமல் பெரியமேட்டு மண்டி வாசலில் அந்த வண்டி நிற்கும். உள்ளே பேரம் முடிந்து வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, “எத்தனாவதா வந்தீங்க பாய்?” என்று விசாரிப்பார்கள்.

ராலியும் அப்படித்தான். அந்தக் காலத்து ராலி பெரும்பாலும் வேகப் போட்டியல்ல, கணக்குப் போட்டி. சராசரி வேகம் இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் பத்துக் கிலோமீட்டரைச் சரியாகப் பதினைந்து நிமிடத்தில் கடக்க வேண்டும். தாமதமாக வந்தாலும் தண்டம், சீக்கிரம் வந்தாலும் தண்டம். கண்காணிப்புச் சாவடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அப்படித்தான் ஒரு முறை சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நீங்க கல்லாவுல ஒரு பைசா விடமாட்டீங்க, வாங்க” என்றார். மடியில் அட்டை, கையில் நிறுத்துக் கடிகாரம். நாள் முழுக்க நான் ஊரையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. பன்னிரண்டாவதாக வந்தோம். முதலாளியின் அம்பாசடருக்கு அருகில் நின்று டீ குடிக்கும்போது அவர் என் தோளில் கை போட்டார். டேனரியில் கணக்குப்பிள்ளை தோளில் முதலாளி வீட்டுப் பிள்ளை கை போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உலக அளவிலும் அன்றைக்கு நிலைமை இதுதான். 1968 நவம்பர் 24-ல் லண்டனில் புறப்பட்ட லண்டன்–சிட்னி மாரத்தான் நினைவிருக்கிறதா? 98 கார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி, டெல்லி வழியாக பம்பாய் வந்து, அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா. பம்பாய் வரை முன்னணியில் இருந்தது ரோஜர் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் கார்ட்டினா. கடைசியில் ஜெயித்தது ஆண்ட்ரூ கோவன் குழு ஓட்டிய ஹில்மன் ஹண்டர். இங்கிலாந்தில் குமாஸ்தாவும் வாத்தியாரும் ஓட்டுகிற குடும்பக் கார் அது. இரண்டு வருடம் கழித்து 1970-ல் லண்டன்–மெக்சிகோ ராலியில் போர்டு எஸ்கார்ட் முதலிடம். இரண்டாவது வந்தது ஹெரால்டின் பெரிய அண்ணன், டிரையம்ப் 2.5. நம் மிகெலோட்டியின் கைவண்ணம்தான் அதுவும். குடும்பக் கார்கள் உலகத்தைச் சுற்றிய காலம்.

எழுபதுகளில் பெருங்களத்தூரில் ஹெரால்டைத் திருத்தி கெஸல் என்று வெளியிட்டார்கள். தனித்தனிப் பின் சக்கரத்தை விட்டுவிட்டு, நம் சாலைக்கு ஏற்ற ஒரே ஆக்சில் போட்டார்கள். சில வருடங்களில் அதுவும் நின்றது. பிறகு 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. பார்க்க ராஜா. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 அது, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம் வாங்கியது. அங்கே அதற்கு 3528 சி.சி. எட்டு சிலிண்டர் இன்ஜின். வைட்டஸ் என்ற ரகத்துக்கு 190 குதிரைச் சக்தி. 1984-ல் ஆண்டி ரவுஸ் அதில் ஓட்டி பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். மெட்ராஸுக்கு வந்தபோது உடம்பு மட்டும் வந்தது. உள்ளே வைத்தது 1991 சி.சி. நான்கு சிலிண்டர், பழைய வான்கார்டு இன்ஜினின் வாரிசு. அந்தக் குடும்பத்து இன்ஜின்தான் பெர்குசன் டிராக்டரிலும் உழுதது. விலை அதிகம், பெட்ரோலும் அதிகம். 1983 கடைசியிலேயே மாருதி வந்துவிட்டது. 1988-ல் ஸ்டாண்டர்டு 2000 நின்றது, தொழிற்சாலையும் மூடியது. பெருங்களத்தூரில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதோடு சேர்ந்தது.

மேஸ்திரிக்கும் அந்த வருடங்கள்தான் கடைசி. ஹெரால்டு நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு: ஏழு பதினாறு, அரை, ஒன்பது பதினாறு. மாருதிக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். ஒரு நாள் ஒருவர் மாருதியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். மேஸ்திரி பானட்டைத் தூக்கிப் பார்த்தார். ஸ்பானர் பெட்டியைத் திறந்து இரண்டு மூன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. கோபப்படவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, “நல்ல வண்டிதான். என் கை வேற அளவு” என்றார். புது ஸ்பானர் வாங்கித் தருகிறேன் என்று சின்ன முதலாளி சொன்னதற்கும் சிரித்தார், அவ்வளவுதான். உதிரி பாகம் தேடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் அலைந்து, மிச்சமிருந்த ஹெரால்டுகளைக் கண் மூடும் வரை ஓட வைத்தார்.

இன்று மெட்ராஸைச் சுற்றி கார் தொழிற்சாலைகள் நிறைய. சோழவரத்துக்குப் பதில் 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளமே அமைத்தார்கள். அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையும் வந்தது. ஓட்டுகிற பிள்ளைகள் நம் காலத்தவர்களைவிடத் திறமைசாலிகள். வண்டிகள் பத்திரமானவை. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் இப்போது பந்தயக் கார் வேறு, வீட்டுக் கார் வேறு. ஒன்றைத் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்கிறோம். இன்னொன்றின் பானட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. வேகம் போனதாக நான் நினைக்கவில்லை. வேகம் கூடித்தான் இருக்கிறது. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்து, இது இதனால் ஓடுகிறது என்று சொல்கிற உரிமைதான் போயிற்று.

உங்களில் யார் வீட்டிலாவது, கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஹெரால்டு கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது பானட்டை முன்பக்கமாகத் தூக்கி நிறுத்துங்கள். டயர்மேல் ஒரு சாக்கைப் போட்டு உட்கார வையுங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.