ஃபின்களுக்கு நடுவே சிலிகான்

காற்றில் குளிரும் பழைய பைக் எஞ்சின்களில், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் கணீரென்று ஒரு ரீங்காரம் கிளம்பும். ஃபின்களுக்கு நடுவே சிலிகான் பேஸ்ட்டை அப்பினால் அது அடங்கிவிடும். இதைக் கண்துடைப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எஞ்சின் போடும் எல்லாச் சத்தத்துக்கும் இதுவே மருந்து என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் தப்பு என்பதே என் கட்சி. சிலிகானுக்கு அடக்கத் தெரிந்தது ஃபின்னின் அதிர்வை மட்டும்தான். தாம்பாளத்தைத் தட்டிவிட்டு விளிம்பில் விரலை வைத்தால் ஓசை சட்டென்று நிற்கிறதே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடான ஃபின், எஞ்சினின் அதிர்வு தன் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது பாட ஆரம்பிக்கிறது. ரப்பர் போல நெகிழும் சிலிகான் அந்த அதிர்வை வாங்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. யமஹா ஆர்டி 350-இன் ஃபின்களுக்கு இடையே கம்பெனியே ரப்பர் துண்டுகளைச் செருகி அனுப்பியது இதற்காகத்தான். அந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்த இடத்தில் சிலிகான் வைப்பதில் கண்துடைப்பு எதுவும் இல்லை.

எஞ்சின் சூடேறாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சிலிகான் வெப்பத்தைக் கடத்துவதே இல்லை எனலாம். ஆனால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு அங்கங்கே வைக்கும் பொட்டு, ஃபின்னின் பரப்பில் மிகச் சிறிய பங்கைத்தான் மறைக்கும். இடைவெளி முழுவதையும் அடைப்பதுதான் ஆபத்து. காற்று புகுந்து வெளியேறத்தான் அந்த இடைவெளியையே விட்டிருக்கிறார்கள்.

டாப்பெட் சத்தமும் பிஸ்டன் அடிக்கும் சத்தமும் வேறு ஜாதி. அவை உள்ளே பிறப்பவை. வெளியே எவ்வளவு அப்பினாலும் தேய்மானம் நிற்காது, நம் காதுக்கு எட்டுவதுதான் குறையும். பழைய இரும்பு பிளாக் புல்லட்டில், எஞ்சின் ஆறி, பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சத்தில் நிற்கும்போது டாப்பெட் மூடியைத் திறந்து புஷ்ராடை இரு விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் ஸ்பேனரால் சரிசெய்யலாம். பிஸ்டன் சத்தம் தீர பிளாக்கை போர் போடப் பணமில்லாதவர் வேறென்ன செய்வார் என்ற கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. செலவைத் தள்ளிப்போடலாம், அதற்காகச் சத்தத்தை மறைத்துவிட்டால், தேய்மானம் எப்போது முற்றியது என்பதே தெரியாமல் போகும். அதைவிட மோசம், சத்தம் குறையட்டும் என்று கிராங்க் கேஸ் மூடியின் விளிம்பில் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவது. போல்ட்டை முறுக்கியதும் மிஞ்சியது உள்பக்கம் பிதுங்கி, இறுகி, பிய்ந்து ஆயிலில் கலக்கும். ஆயிலை வடிகட்டும் வலையை அடைத்து ஆயில் வரத்தை நிறுத்தும். சத்தத்துக்குப் பயந்தவர் எஞ்சினையே இழப்பார்.

ஆகவே, முதலில் ஆறிய எஞ்சினின் ஃபின்களுக்கு இடையே ரப்பர் துண்டு ஒன்றைச் செருகி ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் மட்டும் சிலிகானை எடுங்கள். குளியலறைக்கு விற்கும், வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம். அது விடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். எஞ்சினுக்கென்று வரும், சூடு தாங்கும் ரகத்தை வாங்கி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு வையுங்கள். காற்றின் ஈரத்தை வாங்கித்தான் அது இறுகும். அதற்கு ஒரு நாள் முழுதாக வேண்டும், அதுவரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.