மைனாவின் கால்

பெங்களூரில் இருக்கும் பேத்திக்குப் 11 வயது. ஆறு மாதமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். போன மாதம் மகன் போனில் கேட்டான்.

"அப்பா, இவ ஓட்டிப் பழகுற குதிரையையே விலைக்குத் தர்றதா சொல்றாங்க. ரொம்ப சாதுவாம். அடுத்த வருஷம் ஷோ ஜம்ப்பிங் போட்டியில இறக்கலாம்னு கோச் சொல்றார். நீங்க ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்றீங்களா?"

கால்நடைத் துறையில் 33 வருடம் வேலை பார்த்தவன் நான். ஊரில் 'மாட்டு டாக்டர்' என்றுதான் பெயர். அதில் தப்பில்லை. பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு மாடும் ஆடும்தான். நடுவில் ஐந்து வருடம் மட்டும் ஒரு மலை ஊரில் போட்டிருந்தார்கள். அங்கே குதிரைகள் உண்டு. அந்த ஐந்து வருடத்தைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறேன்: குளிர், கேரட், அட்டைப்பூச்சி எல்லாம். ஒன்றை மட்டும் எழுதியதில்லை. வீட்டிலும் முழுதாகச் சொன்னதில்லை. மகன் குதிரை வாங்கப் போகிறேன் என்ற பிறகு சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

1986-ஆம் வருடம். ஊர் பெயர், ஆட்கள் பெயர் வேண்டாம். சமவெளியில் மில் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு அங்கே பங்களா இருந்தது. லாயத்தில் நாலைந்து குதிரைகள். அதில் ஒன்று மைனா. செம்பழுப்பு நிறப் பெட்டை, நெற்றியில் கட்டைவிரல் அளவு வெள்ளை. அவற்றைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் 'பாய்' என்றே கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கிய மனிதர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குதிரையைப் பற்றி நான் வேப்பேரி கல்லூரியில் படித்ததைவிட அவரிடம் கற்றதுதான் அதிகம்.

வருடா வருடம் மே மாதம் அங்கே குதிரைக் காட்சி நடக்கும். கம்புத் தடைகளைத் தாண்ட வேண்டும். கம்பு விழுந்தால் தப்புப் புள்ளி. தப்பே இல்லாமல் முடித்தவர்கள் மறுபடி ஒரு சுற்று, நேரம் வைத்து ஓட வேண்டும். அந்த வருடம் முதலாளியின் மகன் மைனா மேல் போவதாக ஏற்பாடு.

முதல் நாள் சாயங்காலம் பாய் என் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

"டாக்டர் சார், நாலு நாளா வலது முன்னங்கால முன்னாடி நீட்டி வெச்சே நிக்கிறா. தண்ணி ஊத்திப் பார்த்தேன், பட்டி கட்டிப் பார்த்தேன், கேக்கல. நாளைக்கு வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா முதலாளி காதுல வாங்க மாட்டேங்கிறாரு."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல குதிரை நிற்கும்போது பின்னங்கால்களை மாற்றி மாற்றித் தளர்த்தி வைக்கும், அது சகஜம். முன்னங்காலை நீட்டி வைத்தால் அந்தக் காலில் வலி. அதையே துள்ளோட்டத்தில் விட்டுப் பார்த்தால், வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தலையாட்டல். வாயில்லாத ஜீவனின் பேச்சு அதுதான்.

நான் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாண் சூடாக இருந்தது. அழுத்தினால் காலை இழுத்துக்கொண்டாள். ஓடவிட்டோம், தலை ஆடியது. ஓய்வுதான் மருந்து, ஒன்றிரண்டு மாதமாவது தாண்டவே கூடாது என்றேன்.

முதலாளி மரியாதையான மனிதர். கோபமே படவில்லை. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் பார்த்துக் குடுங்க டாக்டர். மெட்ராஸ்லேர்ந்து விருந்தாளிங்க வந்திருக்காங்க. அப்புறம் நீங்க சொல்ற மாதிரி ஆறு மாசம் வேணும்னாலும் நிக்கட்டும்" என்றார். போகிற போக்கில், "பாப்பா ஸ்கூலுக்குப் போகுதுங்களா?" என்றும் கேட்டார். என் பெரிய பெண்ணுக்குக் கான்வென்ட்டில் இடம் கிடைத்தது அவர் கொடுத்த கடிதத்தால். அவர் அதை நினைவுபடுத்தினாரா, சும்மா விசாரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு வந்துவிட்டது.

ஃபினைல்பியூட்டசோன். குதிரைக்காரர்கள் உலகம் முழுக்க 'பியூட்' என்பார்கள். ரத்தக்குழாயில்தான் போட வேண்டும். சதையில் போட்டால் புண்ணாகிவிடும். பாய் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் கடிவாளமும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. மைனாவின் கழுத்தில் நான் ஊசியை ஏற்றினேன்.

மறுநாள் காலையில் ஓடவிட்டுப் பார்த்தோம். தலையாட்டல் நின்றிருந்தது. மருந்து வலியை எடுத்துவிட்டது. காயத்தை எடுக்கவில்லை. அவ்வளவுதான் அந்த மருந்தின் வேலை.

முதல் சுற்று தப்பே இல்லை. கைதட்டல். இரண்டாவது சுற்றில் ஐந்தாம் தடையைத் தாண்டி இறங்கியபோது வலது கால் அப்படியே கீழே அமுங்கியது. பையன் தூக்கியடிக்கப்பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மைனா மூன்று காலில் நின்று நடுங்கினாள்.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், நொண்டிக் குதிரையை எப்படி இறக்கினீர்கள் என்று. முதலாளி திரும்பிப் பார்த்து, "இவன் ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். பாயைத்தான் சொன்னார். பாய் என்னைப் பார்த்தார். நான் குனிந்து குதிரையின் காலைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மைனாவை அடுத்த வருடம் விற்றார்கள். ஏரிக்கரையில் சுற்றுலாக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். நான் பாதை மாறிப் போனேன்.

அதற்குப் பிறகு 18 வருடம் கழித்து, 2004-இல், ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். ஷோ ஜம்ப்பிங் தனிநபர் தங்கம் அயர்லாந்தின் கியான் ஓ'கானருக்கு. குதிரை வாட்டர்ஃபோர்ட் கிறிஸ்டல். அந்த ஒலிம்பிக்ஸில் அயர்லாந்துக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. சில வாரங்களில் குதிரையின் சோதனை முடிவு வந்தது. மனிதர்களின் மனநோய்க்குக் கொடுக்கும் இரண்டு மருந்துகள் உடம்பில் இருந்தன. குதிரையை அமைதிப்படுத்தக் கூடியவை. போட்டிக்குச் சில வாரம் முன்னால், காயத்துக்குத் தண்ணீரில் வைத்துச் சிகிச்சை கொடுத்தபோது அசையாமல் நிற்பதற்காகப் போட்டது என்று விளக்கம் சொன்னார்கள். இதற்கிடையில் இரண்டாவது சோதனைக்கான சிறுநீர் மாதிரி வழியிலேயே திருட்டுப் போனது. அயர்லாந்துக் குதிரையேற்றச் சங்க அலுவலகத்திலும் திருடர்கள் புகுந்து, ஓ'கானரின் இன்னொரு குதிரையைப் பற்றிய காகிதங்களை எடுத்துப் போனார்கள். சினிமாக் கதை போல இருக்கும்.

2005 மார்ச்சில் தீர்ப்பு. ஓ'கானர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் தங்கத்தைப் பறித்தது, மூன்று மாதம் தடையும் போட்டது. முதலில் எனக்கு அநியாயமாகப் பட்டது. தப்பு செய்யவில்லை என்கிறாய், பிறகு தண்டனை எதற்கு?

அந்தக் கேள்வியில்தான் நான் அந்த விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 'பொறுப்பானவர்' என்று ஒருவரை விதி முன்கூட்டியே குறித்துவிடுகிறது. சர்வதேசப் போட்டிகளில் அது குதிரை மேல் ஏறிப் போகிறவர். அமெரிக்கக் காட்சிகளில் பெரும்பாலும் பயிற்சியாளர். குதிரையின் உடம்பில் மருந்து இருந்தால், யார் போட்டார், எதற்குப் போட்டார் என்பதெல்லாம் பிறகு. முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 'எனக்குத் தெரியாது, குதிரைக்காரன் என்ன செய்தானோ' என்று சொல்லித் தப்ப முடியாது.

அதற்குக் கீழே இன்னொரு வரி. குதிரையின் சொந்தக்காரர், குதிரைக்காரர், கால்நடை மருத்துவர் ஆகியோர் போட்டி நடந்த இடத்தில் இருந்தாலோ, அந்தக் குதிரையைப் பற்றி முக்கியமான முடிவு எடுத்திருந்தாலோ, அவர்களையும் கூடுதல் பொறுப்பாளிகளாகச் சேர்க்கலாம். அதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். முடிவு எடுத்தது முதலாளி. நிறைவேற்றியது நான். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வரியில் இடம் உண்டு. வேலை போனது, வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதருக்கு.

அந்த விதி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பழி என்பது தண்ணீர் மாதிரி. தடுத்து நிறுத்தாவிட்டால் பள்ளம் தேடித்தான் ஓடும். பள்ளத்தில் நிற்பவன் லாயத்தில் சாணி அள்ளுகிறவன். மேலே இருப்பவர் பெயரை முதலிலேயே எழுதி வைத்தால்தான் அது நிற்கும்.

2008 ஒலிம்பிக்ஸில் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தனிநபர் இறுதிச் சுற்றுக்கு முன் நான்கு குதிரைகளை நிறுத்தினார்கள். உடம்பில் இருந்தது காப்சைசின். வேறொன்றுமில்லை, நம் மிளகாயின் காரம்! வலிக்குத் தடவும் தைலங்களில் இருப்பதுதான். ஆனால் குதிரையின் காலில் தடவினால் தோல் எரியும். அந்தக் கால் கம்பில் பட்டால் உயிர் போகும். அதற்குப் பயந்து காலை உயரத் தூக்கித் தாண்டும். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தக் குதிரைகளில் ஒன்றால் நார்வே அணி தன் வெண்கலத்தை இழந்தது. ஏதென்ஸில் ஓ'கானரின் தங்கம் கைமாறிப் போனது பிரேசிலின் ரோட்ரிகோ பெசோவாவுக்கு. அவருடைய குதிரையும் ஹாங்காங்கில் இதே வகைப் பொருளில் பிடிபட்டது. அவர் தன் ஐந்தாம் இடத்தை இழந்தார்.

சொந்தக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இது தாண்டும் போட்டி அல்ல, ஓட்டப் பந்தயம். ஆனாலும் பொருத்தமானது. 2014-இல் இங்கிலாந்தின் அஸ்காட் கோல்ட் கப்பில் எலிசபெத் மகாராணியின் எஸ்டிமேட் என்ற குதிரை இரண்டாவதாக வந்தது. முந்தைய வருடம் அதே கோப்பையை வென்ற குதிரை. சோதனையில் மார்ஃபின் தெரிந்தது. தீவனம் வழியாக வந்தது, யாரும் வேண்டுமென்று கொடுக்கவில்லை. ஆனாலும் இரண்டாம் இடம் போயிற்று, 80,000 பவுண்டுக்கு மேலான பரிசுப் பணமும் போயிற்று. நாட்டுக்கே ராணியானாலும், 'என் குதிரைக்குத் தீவனம் வைத்தது யார்?' என்று கீழே கை காட்ட வழியில்லை.

பியூட்டை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். வேலை முடிந்து மேய்ச்சலில் நிற்கும் கிழட்டுக் குதிரைக்கு, மூட்டு வலி இல்லாமல் நாலு அடி நடக்க அது நல்ல மருந்து. 2009-இல் போட்டிக் குதிரைக்கும் அதைக் குறைந்த அளவில் அனுமதிக்கலாம் என்று சர்வதேசக் கூட்டமைப்பே வாக்கெடுத்து முடிவு செய்தது. பெரிய எதிர்ப்பு வந்து, அடுத்த வருடம் அதைக் கைவிட்டது. கைவிட்டது நல்லதுதான் என்பேன். ஓய்வெடுக்கிற காலின் வலியைக் குறைப்பது வைத்தியம். தாண்டப் போகிற காலின் வலியை மறைப்பது வாயைப் பொத்துவது.

பாயை நான் ஒரே ஒரு முறை மறுபடி பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில். தாடி முழுக்க வெளுத்திருந்தது. மகனோடு பழ வியாபாரம் செய்வதாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "மைனா இருக்காளா சார்?" என்றார். தெரியவில்லை என்றேன். "நல்ல பிள்ளை" என்றார். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டார். ஊசியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.

இதையெல்லாம் மகனுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விடியற்காலையில் போய், யாரும் ஏறுவதற்கு முன் அந்தக் குதிரையைப் பார்க்க வேண்டும். 'ரொம்ப சாது' என்றாலே எனக்குச் சந்தேகம். இரண்டு, வாங்கும் முன் ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். வலி மருந்தோ மயக்க மருந்தோ இருந்தால் தெரிந்துவிடும். மூன்று, அந்தக் குதிரையைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவரின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். போட்டி நாளன்றே ஆனாலும், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். "வாங்கினால் பேப்பரில் இருக்கப்போவது உன் பெயர். குதிரை மட்டும் உன்னது, பொறுப்பு மட்டும் கோச்சினுடையது என்று கிடையாது" என்றேன்.

ரத்தம் எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

பேத்திக்குத் தலையாட்டலைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வாரமாகச் சாயங்காலம் போன் வருகிறது. "தாத்தா, இன்னிக்குத் தலை ஆடல" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற கதையெல்லாம் பேசுகிறாள்.