கொடுப்பவர் நால்வர், வாங்குபவர் ஒருவர்: சில குறிப்புகள்

சர்வதேச வளர்ச்சி நிதி நிறுவனங்களில் ‘உத்தி மற்றும் ஒருங்கிணைப்பு’ என்று ஒரு பிரிவு இருக்கும். அங்கே இருப்பவர்கள் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. பாலத்தையோ பள்ளிக்கூடத்தையோ போய்த் திறந்துவைப்பதும் இல்லை. நிறுவனத்தின் பணம் அடுத்த சில ஆண்டுகளில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எழுதுவது, அதைத் தங்கள் துறைகளும் உறுப்பு நாடுகளும் ஏற்கும்படி செய்வது, அதே நாட்டில் மற்ற வங்கிகள் என்ன செய்கின்றன என்று கவனித்துக்கொள்வது இவைதான் அவர்கள் வேலை. பல ஆண்டுகளாக இந்த வேலையின் பக்கத்தில் இருந்து அவ்வப்போது எழுதிவைத்தவை இவை.

*

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம். மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கடன் கொடுப்பவர்கள் நால்வர்: ஜப்பானின் ஜைக்கா, மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி, பெய்ஜிங்கில் இருக்கும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, ஷாங்காயில் இருக்கும் புதிய வளர்ச்சி வங்கி.

நால்வருக்கும் தனித்தனி டெண்டர் விதிகள். சுற்றுச்சூழலுக்கும், இடம் பெயர்கிற குடும்பங்களுக்கும் தனித்தனிக் கொள்கைகள். முன்னேற்ற அறிக்கையின் படிவம் வேறு, ஆய்வுக்கு வரும் குழு வேறு. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் மூன்றாவது வழித்தடத்தில் சோழிங்கநல்லூர் வரை ஜைக்காவின் கடன், அதற்கப்பால் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். நாளைக்கு அந்த ரயிலில் போகிறவர் சோழிங்கநல்லூரைத் தாண்டும்போது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குள் நுழைந்தது அவருக்குத் தெரியப்போவதில்லை. தெரியக்கூடாது. அது அவருக்குத் தெரியாமல் இருப்பதற்காக எத்தனையோ பேர் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த உழைப்பைப் பற்றி நம் மொழியில் யாரும் எழுதுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

*

இந்தியாவில் மாநிலம் எதுவும் வெளிநாட்டு வங்கியிடம் நேராகப் போய்க் கடன் வாங்க முடியாது. டெல்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை வழியாகத்தான் போகவேண்டும். கடன் ஒப்பந்தம் மத்திய அரசோடு, திட்ட ஒப்பந்தம் மாநிலத்தோடும் செயல்படுத்தும் நிறுவனத்தோடும். செலவழித்த பணத்தைத் திரும்பக் கோரும் கணக்குகளுக்கென்றே அந்தத் துறையின் கீழ் தனி அலுவலகம் இருக்கிறது. உலக வங்கி, ஜைக்கா, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ., பிரான்ஸின் ஏ.எஃப்.டி. என்று எல்லாருடைய கோப்பும் ஒரே துறையில் வந்து சேர்கின்றன.

இந்தியா பெரிய நாடு. தேர்ந்த அதிகாரிகள் இருக்கிறார்கள், தாங்குகிறது. இதே சுமை ஒரு சின்ன நாட்டின் மேல் விழுந்தால்?

*

துவாலு. பசிபிக் கடலில் சுமார் 11,000 பேர் வாழும் நாடு. 1993இல் ஆசிய வளர்ச்சி வங்கியில் சேர்ந்தது, 2010இல் உலக வங்கியில் சேர்ந்தது. பட்ஜெட் போடுகிறவர், வங்கிக் குழுவுக்குப் பதில் சொல்கிறவர், தணிக்கைக்குக் கணக்குக் காட்டுகிறவர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சிலர்தான். ஒரு வங்கியின் குழு வந்து ஒரு வாரம் தங்கினால், அந்த வாரம் அரசின் சொந்த வேலை நின்றுபோகும். அடுத்த வாரம் இன்னொரு குழு வருகிறது, அதே கேள்விகளை வேறு படிவத்தில் கேட்கிறது.

இதைப் பார்த்துத்தான் 2008இல் பசிபிக் வட்டார உள்கட்டமைப்பு அமைப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிட்னியில் அலுவலகம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி முதலானவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து யார் எதைச் செய்வது என்று பேசிக்கொள்ள ஓர் இடம். கிரிபாட்டி நாட்டின் தெற்குத் தராவாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டத்தில் ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, பசுமைக் காலநிலை நிதியம் மூன்றும் சேர்ந்து பணம் போடுகின்றன. மூன்று பணப்பைகள், ஆனால் திட்டம் ஒன்று. அந்த ஊர் மக்களுக்கு வேண்டியது தண்ணீர். பணம் எத்தனை வழியாக வருகிறது என்ற கவலையை அவர்கள் தலையில் ஏற்றக்கூடாது.

*

2005 மார்ச்சில் பாரிஸில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளும் நிறுவனங்களும் கூடி உதவியின் பயனைப் பற்றி ஒரு பிரகடனம் செய்தன. ஐந்து கொள்கைகள்: திட்டம் பெறும் நாட்டுக்கே சொந்தமாக இருக்கவேண்டும், கொடுப்பவர்கள் அந்த நாட்டின் அமைப்புகளையே பயன்படுத்தவேண்டும், கொடுப்பவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவேண்டும், விளைவைப் பார்த்து நிர்வகிக்கவேண்டும், இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவேண்டும்.

பிறகு நிலைமை எப்படி என்று கணக்கெடுத்தார்கள். 2007இல் மட்டும் 54 நாடுகளுக்கு 14,000க்கும் அதிகமான குழுக்கள் போயிருந்தன. வியட்நாமுக்கு வேலை நாள் ஒன்றுக்குச் சராசரி மூன்று குழுக்கள். விமான நிலையத்துக்குப் போய் ஒரு குழுவை அனுப்பிவிட்டு அடுத்த குழுவை அழைத்துவரும் அதிகாரியை நினைத்துப் பார்க்கிறேன். தான்சானியா தெளிவான ஒரு முடிவு எடுத்தது: பட்ஜெட் தயாரிக்கும் மாதங்களில் முடிந்தவரை யாரும் வராதீர்கள். கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கும் உண்டு என்று அது சொன்னது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

*

சேர்ந்து கடன் கொடுப்பதில் பழகிய ஒரு வழி உண்டு. ஒருவர் முன்னால் நிற்பார், மற்றவர்கள் அவர் விதியை ஏற்பார்கள். ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2016இல் வேலையைத் தொடங்கியபோது பாகிஸ்தானின் எம்-4 நெடுஞ்சாலையில் ஷோர்கோட் முதல் கானேவால் வரையான பகுதிக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் 10 கோடி டாலர் கொடுத்தது. நிர்வாகம் முழுவதும் ஆசிய வளர்ச்சி வங்கியிடம், அதன் கொள்கைகளின்படி. உலகம் அப்போது இரண்டு வங்கிகளையும் போட்டியாளர்கள் என்று பேசிக்கொண்டிருந்தது. சாலை போடுகிறவர் கையில் இருந்ததோ ஒரே விதிப்புத்தகம்.

2025இல் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் இன்னும் ஒரு படி மேலே போயின. இருவரும் சேர்ந்து கடன் கொடுக்கும் பொதுத்துறைத் திட்டங்களில் ஒருவர் தலைமை ஏற்றால், மற்றவர் அவருடைய ஆய்வையும் விதிகளையும் முழுக்க நம்பி ஏற்கும் ஏற்பாடு அது. கடந்த பல ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

*

ஒருங்கிணைப்பு தவறினால் யார் காசு போகிறது? ஆசிய வளர்ச்சி வங்கியின் வழக்கமான கடனில், எடுக்காமல் கிடக்கும் தொகைக்கு ஆண்டுக்கு 0.15 சதவீதம் கட்டணம் உண்டு. நிலம் கிடைக்கவில்லை, டெண்டர் மறுபடி போடவேண்டியதாயிற்று, வங்கி தரவேண்டிய ஒரு ‘நோ அப்ஜெக்‌ஷன்’ கடிதம் வர மாதங்கள் ஆயின என்றால், அந்த நாட்களுக்கும் சேர்த்து நாடு கட்டுகிறது. சிறிய விகிதம்தான். பெரிய கடனில் அது சிறிய தொகை இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், பாலம் வராத ஆண்டுகளில் ஆற்றைச் சுற்றிப் போன மனிதர்களுடையது. அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

*

உத்தி ஆவணம் எழுதுவது பற்றி.

ஆசிய வளர்ச்சி வங்கி 2018இல் ‘உத்தி 2030’ என்ற ஆவணத்தை ஏற்றது. அதில் ஏழு முன்னுரிமைகள்: வறுமையும் ஏற்றத்தாழ்வும், பெண்களின் சமத்துவம், காலநிலை, வாழத்தகுந்த நகரங்கள், கிராம வளர்ச்சியும் உணவும், நிர்வாகத் திறன், வட்டார ஒத்துழைப்பு. 2024இல் இடைக்கால மறு ஆய்வு நடந்தபோது ஐந்து கவனப் பகுதிகளாக அதைக் கூர்மைப்படுத்தினார்கள். தனியார் துறையும் டிஜிட்டல் மாற்றமும் அதில் முன்னுக்கு வந்தன.

ஏழு முன்னுரிமைகளை ஐந்தாக்குவது கேட்பதற்கு எளிது. ஒவ்வொரு துறையும் தன் வேலைக்கு ஒரு வாக்கியமாவது ஆவணத்தில் வேண்டும் என்று கேட்கும். கேட்பதில் நியாயமும் இருக்கும், ஏனென்றால் ஆவணத்தில் இல்லாததற்கு நாளைக்கு ஆளும் பணமும் கிடைக்காது. எல்லாருக்கும் ஒரு வாக்கியம் கொடுத்த ஆவணம் யாருக்கும் வழிகாட்டாது. எதைச் செய்யமாட்டோம் என்று ஒரு பக்கத்தில் துணிந்து எழுதியிருக்கிற ஆவணத்தைத்தான் நான் உத்தி என்று மதிக்கிறேன்.

*

ஆசிய வளர்ச்சி வங்கி பிறந்த விதமே ஒரு பாடம். தலைமையகம் எங்கே என்று 1965இல் வாக்கெடுத்தார்கள். முதல் சுற்றில் டோக்கியோ முன்னால் இருந்தது, தெஹ்ரானும் மணிலாவும் போட்டியில். கடைசிச் சுற்றில் மணிலா 9, டோக்கியோ 8. முதல் தலைவராக ஜப்பானின் தகேஷி வதனபே வந்தார். தோற்ற நாடு கோபித்துக்கொண்டு விலகவில்லை, இன்றுவரை அமெரிக்காவோடு சமமாக மிகப் பெரிய பங்குதாரராக இருக்கிறது. இன்று உறுப்பினர்கள் 69, இயக்குநர் குழுவில் இடங்கள் 12. ஓர் இயக்குநர் பல நாடுகளுக்காகப் பேசுகிறார். வாக்கெடுப்பு வரை போகவிடாமல், கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு இயக்குநரின் அலுவலகத்துக்கும் போய்ப் பேசி, சந்தேகத்தைக் கேட்டு, பதில் கொடுத்துவிட்டு வருவது உத்திப் பிரிவில் இருப்பவரின் நித்திய வேலை.

*

1992இல் உலக வங்கிக்குள் வாப்பென்ஹான்ஸ் அறிக்கை வந்தது. முடிவடைந்த திட்டங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் திருப்திகரமாக இல்லை என்று அது சொன்னது. காரணங்களில் முக்கியமானது: ஊழியர்களின் கவனமெல்லாம் கடனுக்கு ஒப்புதல் வாங்குவதில் இருக்கிறது, பிறகு திட்டம் என்ன ஆகிறது என்பதில் இல்லை. கல்யாணத்தன்று காட்டும் கவனத்தைக் குடித்தனத்தில் காட்டாத குடும்பம் மாதிரி. அந்த அறிக்கை வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இந்த ஆண்டு எத்தனை கோடி டாலருக்கு ஒப்புதல் என்ற எண்தான் முதலில் செய்தியாகிறது. உத்திப் பிரிவில் இருப்பவர் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்தது என்ன ஆயிற்று?

*

சுனாமி. 2005இன் முதல் நாட்களில் நாகப்பட்டினத்துக்கு உதவி எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ஓரிடத்தில் துணி மலையாகக் குவிந்தது, இன்னோரிடத்துக்கு எதுவும் போகவில்லை. மீனவர் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை உடனே ஏற்படுத்தின. எந்தக் கிராமத்தில் யார் இருக்கிறார்கள், எது குறைகிறது என்ற பட்டியல் அங்கே தயாரானது. பின்னால் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. மூன்றும் சேர்ந்து ஒரே சேத மதிப்பீட்டுக் குழுவாக இந்தியாவுக்கு வந்தன.

இந்தோனேசியாவின் அச்சேயில் இதற்கென்றே ஒரு புனரமைப்பு முகமை அமைத்தார்கள், தலைவர் குந்தோரோ மங்குசுப்ரோதோ. 2005 முதல் 2009 வரை நான்கு ஆண்டு இயங்கி, சொன்ன காலத்தில் கடையைக் கட்டியது. கொடையாளர்கள் பதினைந்து பேர் ஒரே நிதியத்தில் பணத்தைப் போட்டார்கள். ஒருங்கிணைக்கிறவருக்கு ‘வேண்டாம், அந்த ஊருக்கு வேறொருவர் போகிறார்’ என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். அதிகாரம் இல்லாத ஒருங்கிணைப்பாளர் கூட்டத்துக்குத் தேதி குறிப்பவராக மட்டும் மிஞ்சுவார்.

*

அன்றாட வேலையில் நான் மதிக்கும் கருவி ஒன்று: கருத்து அட்டவணை. வரைவு ஆவணம் எல்லாத் துறைக்கும் போய்வந்த பிறகு நான்கு பத்திகளில் எழுதுவது. யார் சொன்னார், என்ன சொன்னார், என்ன பதில், எந்தப் பக்கத்தில் மாற்றம். ஒரு கருத்தைக்கூட விடக்கூடாது. ஏற்க முடியாததற்கு ஏன் முடியாது என்று மரியாதையோடு எழுதவேண்டும். தன் பேச்சு எழுதப்பட்டிருப்பதையும் அதற்கு ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதியிருப்பதையும் பார்க்கிறவர் பெரும்பாலும் முடிவை ஏற்றுக்கொள்கிறார்.

அதேபோல ஆய்வுக் குழு கிளம்புமுன் எழுதும் ‘எய்ட் மெம்வார்’ என்ற குறிப்பு. யார், எதை, எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் இல்லாமல் பத்துப் பக்கம் எழுதுவதைவிட மூன்றும் உள்ள ஒரு பக்கம் போதும்.

*

இந்தப் பதவிகளுக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். பொருளாதாரம் படித்திருக்கிறார்கள், நன்றாக எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலை கிடைத்ததும் கடன் வாங்கும் நாட்டின் நிதி அமைச்சகத்தில், திட்ட அலுவலகத்தில் சில வாரங்களாவது போய் உட்காருங்கள். அங்கே ஒரு கோப்பு எத்தனை கை மாறுகிறது, உங்கள் நிறுவனம் கேட்கும் ஓர் அறிக்கைக்கு எத்தனை பேர் எத்தனை நாள் உழைக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு தலைமையகத்துக்குத் திரும்பி எழுதும் ஒவ்வொரு ஆவணத்தையும் அந்த மேசையை வைத்தே அளந்து பாருங்கள். அங்கே ஒரு படிவம் குறைந்திருந்தால், இரண்டு குழுக்கள் வரவேண்டிய இடத்தில் ஒன்று போயிருந்தால், நீங்கள் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். கடனைத் திருப்பிக் கட்டப்போவது அந்த நாட்டு மக்கள். அவர்களுடைய அதிகாரிகளின் நேரமும் அவர்களுடைய பணம்தான்.