உழவாரக் குருவி

மாலைப்பொழுதில் பழைய கோபுரமொன்றை அண்ணாந்து நோக்குவோர், அதன் உச்சியைச் சுற்றிக் கீச்சொலி எழுப்பிக்கொண்டு விரைந்து சுழலும் சிறு கரும்பறவைக் கூட்டத்தைக் காண்பர். பலர் அவற்றைத் தகைவிலான் குருவி என்றே கருதுவர். தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக அமர்ந்து இளைப்பாறும். இப்பறவையோ கம்பியிலும் அமராது; கிளையிலும் அமராது. இதுவே உழவாரக் குருவி.

இதன் உடல் கருநிறமுடையது. தொண்டையும் இடுப்பும் வெண்மையானவை. சிறகுகள் அரிவாள் போல் நீண்டு வளைந்தவை. கால்களோ மிகக் குறியவை; நான்கு விரல்களும் முன்னோக்கியே அமைந்தவை. ஆதலின், கிளையைப் பற்றி அமர இதற்கு இயலாது. செங்குத்தான சுவரில் தொற்றிக்கொள்ளவே இயலும். இக்குடும்பத்திற்கு அறிஞர் இட்ட பெயரும் ‘காலில்லாதது’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே.

கால்களின் குறையைச் சிறகுகள் நிறைவு செய்கின்றன. ஈ, ஈசல், சிறகெறும்பு முதலியவற்றை இது பறந்தவாறே பிடித்து உண்ணும். பறந்தவாறே நீரும் பருகும். காற்றில் மிதந்து வரும் இறகையும் துரும்பையும் பற்றி, எச்சிலால் ஒட்டிக் கூடமைக்கும். இதன் ஐரோப்பிய உறவினப் பறவைகளுட் சில, பத்துத் திங்கள் வரை தரையிறங்காமலே பறக்கின்றன என்பதைச் சுவீடன் நாட்டு லுண்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வானிலேயே வாழும் இப்பறவைக்கும் முட்டையிட ஓரிடம் வேண்டுமன்றோ? பாறைப் பிளவுகளையும் குகைகளையும் நாடிய இவ்வினம், மக்கள் எழுப்பிய கோபுரம், கோட்டை, பாலம் ஆகியவற்றையும் மலையெனவே கொண்டு நகரங்களில் குடியேறியது. அங்கே கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து அடைகாக்கும். சேர்ந்தே குஞ்சுகளுக்கு இரையூட்டும்.

ஆனால், இன்று எழும் வழுவழுப்பான சுவர்களில் இதற்கு இடமில்லை. பழங்கட்டடங்களைச் செப்பனிடுவோரோ பொந்துகளைச் சாந்திட்டு அடைப்பர். கூடுகளைக் குப்பையெனத் தட்டி வீழ்த்துவர். குஞ்சுகள் இருக்கும் காலமாயின், இரையோடு திரும்பும் தாய்ப்பறவை வெறுஞ்சுவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். இங்கிலாந்தில் இவ்வினப் பறவைகளுக்கென்றே உட்குடைவான செங்கற்களைச் சுவர்களில் பதிக்கின்றனர். அத்துணை செய்ய இயலாவிடினும், குஞ்சுகள் பறந்து செல்லும் வரை சில கிழமைகள் பணியை ஒத்திவைத்தல் எவர்க்கும் இயலும்.

நம்மிடம் நீரும் இரையும் வேண்டாத இப்பறவை வேண்டுவது ஒரு சிறு மூலையே. அதனை மறுப்பது அறமாகுமா?