யாரும் வரவில்லை

நம் மாணவர்தம் ஆங்கில ஏடுகளில் 'நோபடி டிட் நாட் கம்' என்னும் தொடரைப் பல்லாண்டுகளாகக் கண்டுவருகிறேன். பிழையென்று அடிக்கப்படும் அத்தொடரில் தாய்மொழியின் இலக்கணமே ஒளிந்திருக்கிறது. தமிழில் 'யார்' என்னும் வினாப்பெயர் ஓகாரம் பெற்று 'யாரோ' எனவும், உம்மை பெற்று 'யாரும்' எனவும் ஆகும். 'யாரும் வரவில்லை' என்பதில் மறுப்பைச் சுமப்பது வினை. ஆங்கிலத்திலோ மறுப்பு 'நோபடி' என்னும் பெயருக்குள்ளேயே அடங்கிவிடுவதால், 'கேம்' என வினை உடன்பாடாகவே நிற்கும். எண்ணிலும் வேறுபாடு உண்டு. நாம் 'எல்லாரும்' என்பதற்குப் பன்மை வினை கொள்வோம். 'எவ்ரிபடி' ஒருமை வினையே ஏற்கும்.

காலம் இன்னும் சுவையானது. 'கதிரவன் கிழக்கில் உதிக்கும்' என்பதை எதிர்காலமாகக் கருதி, 'வில் ரைஸ்' என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. ஆங்கிலம் இங்கே தனிநிகழ்காலத்தில் 'ரைசஸ்' என்னும். வியப்பு யாதெனில், முக்காலத்தும் நிகழும் இயல்பை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் கூறுக என்றே தொல்காப்பியரும் விதித்தார். அப்பொதுச்சொல்லைச் 'செய்யும்' என்னும் முற்றாக உரையாசிரியர் கொண்டனர். 'உதிக்கும்' அவ்வகையினதே.

இதனைக் கேட்டவள், "அப்படியானால் எனக்கு ஆங்கிலம் வராது என்பதில்லையா, ஐயா?" என்றாள். இரு தொடர்களையும் அவளது ஏட்டிலேயே அருகருகே எழுதச் சொன்னேன்.