அரைப் பேரும் நீலப் பென்சிலும்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். பதினாறு வயது, அங்கேயே பிறந்தவன். பாட்டி போனில் சொல்லச் சொல்லத் தேங்காய்ச் சம்பல் அரைத்து, பாணில் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "எப்படிடா இருக்கு?" என்று இவள் ஆசையாகக் கேட்டாள். "நாட் ஹாஃப் பேட், பாட்டி!" என்றான்.

இவள் முகம் வாடிவிட்டது. "பேட்" மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. போனை வைத்ததும், "பாதிகூட நல்லா இல்லையாமே" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதே மூன்று சொற்கள் 1968இல் என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்தவை. அந்தக் கதையை இவளிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. இன்று எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

இங்கிலீஷ்காரனுக்கு இந்த "ஹாஃப்" மேல் ஏன் இவ்வளவு பிரியமோ தெரியவில்லை. சரியாக யோசிக்காத திட்டம் "ஹாஃப் பேக்ட்". அது ரொட்டி அடுப்பிலிருந்து வந்தது. நாமும் அரைவேக்காடு என்கிறோம், ஆக இது புரிந்துவிடும். அவசரக்குடுக்கையாய் ஒரு காரியத்தில் இறங்குவது "ஹாஃப் காக்ட்". அது பழைய துப்பாக்கிச் சமாசாரம். குதிரையைப் பாதி மட்டும் இழுத்து நிறுத்தினால் துப்பாக்கி வெடிக்கக் கூடாது, அதுதான் பாதுகாப்பு நிலை. அப்போதே வெடித்துவிட்டால்? மனைவி "பெட்டர் ஹாஃப்". பிலிப் சிட்னி எழுதி, அவர் இறந்தபின் 1590இல் அச்சான "ஆர்கேடியா"வில் இந்தச் சொல் வருகிறது. அதிலே சாகக் கிடக்கிற கணவன் மனைவியை அப்படிக் கூப்பிடுகிறான். நாம் கல்யாண வீடுகளில் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்கிறோம்.

மணி சொல்வதிலும் தொல்லை. இங்கிலாந்தில் "ஹாஃப் ஃபோர்" என்றால் நாலரை. ஜெர்மன்காரன் அதையே அவன் மொழியில் சொன்னால் மூன்றரை, நாலை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற கணக்கு. நான் பிற்காலத்தில் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு மெஷின் பொருத்த வந்த ஜெர்மன் நிபுணர், "ஹாஃப் ஃபோர்" மீட்டிங்குக்கு மூன்றரைக்கே வந்து ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. நம் ஊர் வழக்கம் என்று நினைத்திருப்பார்.

இதிலெல்லாம் மோசமானது "நாட் ஹாஃப்". சொல்லுக்குச் சொல் பார்த்தால் பாதிகூட இல்லை. ஆனால் பேச்சில் "ரொம்பவே" என்று பொருள். "படம் பிடித்ததா?" என்று கேட்டு, "நாட் ஹாஃப்!" என்று பதில் வந்தால் "பின்னே!" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "நாட் ஹாஃப் பேட்" என்றால் பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது. வாய் திறந்து பாராட்டக் கூச்சப்படுகிறவர்கள் கண்டுபிடித்த பாராட்டு இது.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளிகள். ஜி.ஸி.ஈ. பாஸ் பண்ணி, தோட்ட ஆபீசிலேயே சின்னக் கிளாக்கராய்ச் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. லயத்துப் பிள்ளை ஆபீசுக்குள் மேசை போட்டு உட்காருவது அப்போது பெரிய விஷயம். நான் வேலைக்குப் போன முதல் நாள் அம்மா பெரட்டுக்குப் போகும் வழியில் ஆபீஸ் ஜன்னல் பக்கம் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள்.

என் வேலை செக்ரோல் எழுதுவது. மலையிலிருந்து கணக்கப்பிள்ளை அனுப்பும் துண்டைப் பார்த்து, யார் யாருக்கு அன்று எத்தனை பேர் என்று பதிய வேண்டும். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. ஒரு நாள் கூலிக்கு "பேர்" என்று பெயர். சொன்ன றாத்தல் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். காலை பெரட்டில் நின்று, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, மூன்று தடவை கொழுந்து நிறுத்தபிறகும், மொத்தத்தில் இரண்டு றாத்தல் குறைந்தால் அரைப் பேர்தான். வேலை செய்தது முழு நாள், கூலி பாதி. நான் படித்த இங்கிலீஷ் புத்தகங்களில் எத்தனையோ "ஹாஃப்" வந்தது, இந்த அரை வரவேயில்லை.

நான் சேர்ந்து நாலாவது மாதம். ஒரு நாள் துண்டில் அம்மாவின் நம்பருக்கு நேரே ½ என்று இருந்தது. முந்தின இரண்டு நாளும் அவளுக்குக் காய்ச்சல், எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்லியும் கேட்காமல் மலைக்குப் போயிருந்தாள். பேனாவை எடுத்தேன், வைத்தேன். பெரிய கிளாக்கர் டீ குடிக்கப் போயிருந்தார். 1 என்று எழுதிவிட்டேன்.

யாரும் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் போயிற்று. மாசக் கடைசியில் செக்ரோல் பெரிய துரை மேசைக்குப் போகும். எங்கள் துரை ஸ்கொட்லாந்துக்காரர், அதிகம் பேசமாட்டார், நீலப் பென்சிலால் ஓரத்தில் ஏதாவது கிறுக்குவார். செக்ரோல் திரும்பி வந்தது. புரட்டினேன். அம்மாவின் பெயர் இருந்த அதே பக்கம், அதே ஓரம். நீலப் பென்சிலில் "நாட் ஹாஃப் பேட்".

நான் வாசித்தது இப்படி: "நாட் ஹாஃப்" — அரை போடவில்லை. "பேட்" — கெட்ட காரியம்.

அவர் எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் வேறு. முற்றுப்புள்ளி இருந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது. மனுஷன் துண்டையும் செக்ரோலையும் ஒத்துப் பார்த்திருக்கிறார், நான் தொலைந்தேன் என்று முடிவுகட்டிவிட்டேன். வேலை போவது மட்டுமில்லை, அப்பா அம்மாவுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அன்று ராத்திரி காம்பராவில் எல்லோரும் தூங்க, நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

விடிந்ததும் முதல் ஆளாய் ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கர் முன்னால் நின்றேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். "ஐயா, துரை கண்டுபிடிச்சிட்டார். அரைப் பேரை முழுப் பேராப் போட்டது நான்தான். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு செக்ரோலை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, துரை உம்மைப் பேசேல்லை. மெச்சியிருக்கிறார். உம்முடைய கையெழுத்தும் கணக்கும் நல்லாயிருக்காம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அது சரி, எந்த அரையைச் சொல்லுறீர்?" என்று கேட்டார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, பிடிபடாத திருட்டை ஒப்புக்கொண்டு நிற்கிறேன்.

அவர் துரையிடம் போகவில்லை. அதற்காக என்னைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. சிவப்பு மையை என் பக்கம் நகர்த்தினார். 1ஐக் குறுக்கே வெட்டி, ½ எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைச் சின்னதாய்ப் போடச் சொன்னார். போட்டேன். "இனி உம்முடைய அம்மாவின்ரை பக்கத்தை நான் எழுதுறன்" என்றார். நான் அங்கே இருந்த கடைசி நாள் வரைக்கும் அவர்தான் எழுதினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைக்கவில்லை, ஆனால் அவ்வளவு கோபத்தையும் எதிர்பார்க்கவில்லை. "அரை நாள் கூலிக்கு ஒரு ஆயுசு வேலையை வைக்கப் பாத்தியே, உன்னையப் படிக்க வச்சது இதுக்கா?" என்று கத்தினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சம்பள நாளில் அந்த அரைப் பேர் குறைத்தே வாங்கினாள்.

இன்னொரு "ஹாஃப்" பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லாததற்கு அரை ரொட்டி மேல் என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. ஜோன் ஹேவுட் 1546இலேயே தன் பழமொழித் தொகுப்பில் அதைச் சேர்த்திருக்கிறார். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன், புரிந்தது 1974இல். சிலோனில் அரிசி, மா, சீனி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த காலம் அது. தோட்டங்களில் பட்டினிச் சாவே நடந்தது. டவுனில் பாண் கியூவில் விடிவதற்கு முன்னால் போய் நிற்போம். அரை றாத்தல் பாண் கையில் கிடைத்தால் அதை நூல் பிடித்த மாதிரி வெட்ட அம்மாவால்தான் முடியும். தனக்கென்று எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

அதே 1974இல் எங்களையும் பாதியாக வெட்டினார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது கணக்கில் வந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தப் "பிறகு" பத்து வருஷம் கழித்து வந்தது. இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக முடித்தார்கள். செக்ரோலில்கூட அரை போடுவதற்கு ஒரு றாத்தல் கணக்கு உண்டு.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. அக்காவின் புருஷன் சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார், கிடைத்தது. நான் இந்தியாவுக்கு எழுதியிருந்தேன், அதுவும் கிடைத்தது. அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அக்காவோடு இருந்துவிட்டாள். "அவளுக்குச் சின்னப் பிள்ளைங்க, ஒனக்குப் பொண்டாட்டி இருக்கா" என்று காரணம் சொன்னாள். 1977இல் ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போக ரயிலேறினோம். ஒரு றாத்தல் பாணை வெட்டி, பாதியைச் சம்பலோடு எங்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, மீதியை அக்கா பிள்ளைகளுக்கென்று முந்தானையில் சுற்றிக்கொண்டாள். ரயில் நகரும்போது அந்த முந்தானையைப் பிடித்தபடி நின்றதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப் பார்த்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம். இங்கே கோத்தகிரிப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

அம்மா 1986இல் இறந்தாள். கப்பல் நின்றுபோயிருந்தது. தந்தி நாலாம் நாள் வந்தது.

2010இல்தான் போக முடிந்தது. அக்காவுக்கு அதே தோட்டம், அதே லயம், கூரைத் தகரம் மட்டும் புதிது. ராத்திரி பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் காம்பராக் கிழவி ஒருத்தி வந்து என்னை உற்றுப் பார்த்து, "இதுதான் அம்மாவுக்கு முழுப் பேர் போட்ட மகனா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா சிரித்தாள்.

"நீ இந்தியாவுக்குப் போன பொறகு அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிட்டா. கொழுந்து நிறுக்கப் போற எடத்துல, பீலிக்கரையில, எல்லா எடத்துலயும். துரைக்கே பயப்படாம எம் புள்ள எனக்கு முழுப் பேர் போட்டான்னு."

"திருப்பி அரையா வெட்டினதைச் சொல்லலையா?" என்றேன்.

"அதை மட்டும் சொல்லவே இல்ல" என்றாள் அக்கா.