விடுமுறைக்கால ஓவியர்

கலைஞரைச் சமூகம் எவ்வாறு நடத்துகின்றது என்பதைச் சில வேளைகளில் அவர்கள் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயரே உணர்த்திவிடும். யாழ்ப்பாணத்து ஓவிய வரலாற்றில் அ. மாற்குவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் குழுவொன்று ‘விடுமுறைக்கால ஓவியர்’ என்ற பெயரால் அறியப்பட்டது. தவணை முழுவதும் வகுப்பறையில் நின்று, பாடசாலை மூடப்பட்ட பின்னரே தூரிகையைக் கையிலெடுக்க முடிந்தவர்களின் நிலையை அப்பெயர் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. அதில் முறைப்பாடு இல்லை. ஆயினும் ஓவியம் வருடத்திற் சில கிழமைகளுக்கே உரிய தொழிலாக இருந்தது என்ற உண்மை அதில் அடங்கியுள்ளது.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. குடாநாட்டின் நவீன ஓவியம் கல்வித் திணைக்களத்தின் நிழலிலேயே வளர்ந்தது. சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய எஸ். ஆர். கனகசபை 1938ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஓவியக் கழகத்தை நிறுவினார். இலங்கையின் பிரதம சித்திர வித்தியாதரிசியாக இருந்த சி. எவ். வின்சரின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஐந்தாண்டுகளின் பின், 1943இல், கொழும்பில் ‘43’ குழு தோன்றியது. லயனல் வென்ட் போன்ற, வசதியும் தொடர்பும் படைத்த புரவலர் அக்குழுவுக்கு வாய்த்தனர். யாழ்ப்பாணத்து ஓவியருக்கு வாய்த்த புரவலர், மாதாந்தம் கிடைத்த ஆசிரியச் சம்பளமே எனலாம். அச்சம்பளம் ஓவியரை வாழவைத்தது. அவரது நேரத்தையும் அதுவே விலையாகப் பெற்றுக்கொண்டது.

இவ்வாழ்வின் சிறப்பையும் இழப்பையும் மாற்குவிடம் ஒருங்கே காணலாம். 1933இல் பிறந்த அவர், பாடசாலைப் பணியோடு நில்லாது, பாடத்திட்டத்துக்கு வெளியே தம்மை நாடி வந்த இளைஞர் பலருக்கும் ஓவியம் பயிற்றினார். அவரைச் சிறப்பித்து 1987இல் ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற மலர் வெளிவந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அவரது ஆக்கங்கள் பல கைநழுவிப் போயின. 2000ஆம் ஆண்டில் அவர் காலமானார். விலைகொடுத்து வாங்கிப் பேணுவோர் அரிதாகிய ஊரில் ஓவியங்கள் ஓவியரின் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. வீட்டை இழக்கும் நாளில் அவையும் இழக்கப்படுகின்றன. வாங்குவோர் இன்மையால் ஓவியர் வருவாயை இழப்பர். சமூகம் தன் நினைவை இழக்கும்.

இன்று நிலைமை பலவகையில் மாறியுள்ளது. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கப்பெற்ற இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகத்தோடு இணைக்கப்பட்டது. இசைக்கும் நடனத்துக்கும் உறைவிடமாகத் திகழ்ந்த அந்நிறுவனத்தில் இப்பொழுது சித்திரமும் வடிவமைப்பும் பட்டநெறியாகப் பயிலப்படுகின்றது. முன்னர் கொழும்புக்கோ சென்னைக்கோ சென்று பெறவேண்டியிருந்த பயிற்சியை ஊரிலேயே பெறமுடிவது பெரும்பேறு. எனினும் அனுமதி கிடைத்ததோடு இடர் தீர்ந்துவிடுவதில்லை. இலக்கிய மாணவர் நூலகத்திற் பெற்ற நூலை வாசித்துத் திருப்பிக் கொடுப்பார். அந்நூல் அடுத்தவருக்கும் பயன்படும். ஓவிய மாணவரின் வர்ணமும் கன்வசும் பயிற்சியிலேயே தீர்ந்துபோகும். பிழைவிட்டுப் பழகுவதற்கும் அவருக்குப் பணம் வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, இறக்குமதியாகும் இப்பொருட்களின் விலையும் ஏறியது. மகாபொலப் புலமைப்பரிசில் பெறுவோருக்கும் உணவுக்கும் விடுதிக்கும் செலவிட்ட பின் மிஞ்சுவது சொற்பமே. விலைக்கு அஞ்சிச் சிறிதாக வரையும் மாணவர், நாளடைவிற் சிறிதாகச் சிந்திக்கவும் பழகிவிடக்கூடும்.

பட்டம் பெற்றபின் எதிர்ப்படுவது வேறொரு கடினம். ஆசிரிய நியமனத்தைத் தவிர வேறு வழியைப் பெற்றோர் பலர் அறியார், பட்டதாரிகளும் அறியார். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் தொடர் போராட்டம் நடத்தியமை, அவ்வழியும் எத்துணை ஒடுங்கியது என்பதைக் காட்டியது. காத்திருக்கும் காலத்திற் கைப்பழக்கம் மழுங்குகின்றது. நியமனம் கிடைத்தாலோ ஓவியம் மீண்டும் விடுமுறைக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. ஆசிரியப் பணி தாழ்ந்ததன்று; மாற்கு போன்றோர் அப்பணியிலிருந்தவாறே இளந்தலைமுறையினரை உருவாக்கினர். ஒரேயொரு வாயில் மட்டும் திறந்திருப்பதே குறை.

இவ்விடத்திற் சென்னையின் அனுபவம் நினைக்கத்தக்கது. அங்குள்ள அரசு ஓவியக் கல்லூரியின் அதிபராக இருந்த கே. சி. எஸ். பணிக்கருக்கு, கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் எவ்வாறு ஓவியராகவே வாழ்வது என்ற கேள்வி எழுந்தது. அவரும் மாணவரும் கூடிப் பற்றிக் முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு கடற்கரையோரத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். கைவினை அடுப்பை எரித்தது. ஓவியம் உடனே விலைபோக வேண்டுமென்ற நெருக்குதல் தணிந்தது. யாழ்ப்பாணத்துச் சந்தை சென்னையினதைப் போல விரிந்ததன்று. ஆயினும் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுதல், மணவறை அலங்காரம், நூல்களின் அட்டை, பனையோலைப் பொருட்களின் வடிவமைப்பு என வேலை இங்கும் உண்டு. விலை கேட்பதற்குப் பட்டதாரி கூசுகின்றார். கொடுப்பதற்குச் சமூகம் பழகவில்லை. அச்சகத்துக்கும் கடதாசிக்கும் பணம் கொடுக்கும் நூலாசிரியர், அட்டைப்படத்தை மாத்திரம் நட்பின் பேரிற் கேட்பதுண்டு.

ஓவியத்தை நாடுவோர் இங்கு இல்லை என்ற வாதமும் பொருந்தாது. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடைபெற்ற ‘அகம் புறம்’ கண்காட்சியில், தா. சனாதனன் மக்களிடமிருந்து பெற்ற அன்றாடப் பொருட்களைக் கொண்டே போர்க்கால வாழ்வின் வரலாற்றை அமைத்தார். 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுக்கப்பட்ட அக்கட்டடத்தில், வீடுகளிலிருந்து வந்த பொருட்கள் சாட்சியங்களாக நின்றன. கலைஞர் ஊரின் வாழ்வைப் பேசமுற்படும்போது ஊரும் அவருக்குக் கைகொடுக்கும் என்பதற்கு அது சான்று.

கொடுக்கும் மரபும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. கோயில் திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் உண்டு. வசதி குறைந்தோர் பலர் கூடி ஒரு நாளைப் பொறுப்பேற்பர். புலம்பெயர்ந்தோருட் பலர் இன்றும் தம் உபயத்தைக் கைவிடவில்லை. அம்முறையைக் கலைக்கும் கொள்ளலாம். ஒரு மாணவரின் ஓராண்டு வர்ணச் செலவு ஓர் உபயம். ஒரு பட்டதாரிக்கு ஆறு மாத வேலைக்கூட வாடகை மற்றோர் உபயம். பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கெனத் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். உபயகாரர் சுவாமி எவ்வீதியால் உலாவர வேண்டுமெனக் கட்டளையிடுவதில்லை. ஓவியர் எதை வரைய வேண்டுமெனப் புரவலரும் கட்டளையிடலாகாது.

இதன் தொடக்கம் பல்கலைக்கழகத்திலேயே அமையலாம். விரிவுரை மண்டபங்களிலும் விடுதிகளிலும் வெறுஞ்சுவர்களுக்குக் குறைவில்லை. ஒவ்வோராண்டும் இறுதியாண்டு மாணவரின் ஆக்கங்களுட் சிலவற்றைத் துறைகளும் சங்கங்களும் நியாயமான விலைக்கு வாங்கி, ஆக்கியோர் பெயரும் ஆண்டும் பொறித்து, பதிவேட்டில் ஏற்றிப் பேணுமாயின், பட்டத்தோடு வெளியேறும் ஓவியர் தம் முதல் விற்பனையையும் உடன்கொண்டு செல்வார். அவ்விலை சிறிதாயினும், தம் உழைப்புக்கு விலை உண்டு என்ற துணிவு அவருக்கு நெடுங்காலம் உதவும்.